ரோமில் ஒரு குளிர்கால நாள்: ஓவியக்கூடமும் தேவாலயங்களும் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஜனவரியில் ரோம் நகருக்குப் போன முதல் நாள், மதியம் ஒரு மணிக்கு மேல் நானும் என் மனைவியும் அடுத்தடுத்து மூன்று தேவாலயங்களின் மூடிய கதவுகளுக்கு முன்னால் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. நாலாவதாகத் தேடிப் போன மியூசியத்துக்கு அன்று விடுமுறை. மாலை ஐந்துக்கு இருட்டிவிட்டது. அவ்வளவு தூரம் போய், அத்தனை செலவு செய்து, ஒரு முழு நாளைத் தெருவிலேயே தொலைத்தோம்.

பிறகு ஒரு நாள் அதே இடங்களுக்கு வேறு வரிசையில் போனோம். ஒன்று விடாமல் பார்த்தோம், கால் வலியும் குறைவு. வித்தியாசம் நேரத்தில்தான் இருந்தது. உங்களுக்கு அந்த முதல் நாள் வரக்கூடாது என்பதற்காக, அந்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். எல்லாம் நகரத்தின் நடுவில், நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருப்பவை. வாட்டிகன் மியூசியத்தை இதில் சேர்க்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், இந்த நாளோடு ஒட்டவைக்காதீர்கள்.

1. முதலில் கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

திங்கட்கிழமை வேண்டாம். போர்கேஸே, பார்பெரினி போன்ற அரசுக் கலைக்கூடங்களுக்கு அன்றுதான் விடுமுறை. ஞாயிறும் வேண்டாம். காலை முழுக்க திருப்பலி நடக்கும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். புதன்கிழமை காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருந்தால் புனித பேதுரு பேராலயத்தின் பக்கம் நெருங்குவது கடினம். நான் கீழே சொல்லும் தோரியா பாம்ஃபிலி கலைக்கூடத்துக்கு மாதத்தின் மூன்றாவது புதன் விடுமுறை. ஆக செவ்வாய், வியாழன், வெள்ளி இந்த மூன்றில் ஒன்று. எனக்கு அமைந்தது வியாழன்.

டிசம்பர் 8, 25, 26, ஜனவரி 1, 6 ஆகிய தேதிகளும் பொது விடுமுறை நாட்கள். ஜனவரி 6 பலருக்கு நினைவில் இருக்காது. புத்தாண்டு முடிந்துவிட்டது, எல்லாம் திறந்திருக்கும் என்று நம்பிப் போவார்கள். அது மூன்று ராஜாக்கள் திருநாள், இத்தாலியில் முழு விடுமுறை.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு மியூசியங்களுக்கு அனுமதி இலவசம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கூட்டத்தில் நின்று ஓவியத்தைப் பார்ப்பதற்கும் பார்க்காமல் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2. ஆவணங்களும் முன்பதிவும்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் போனால் ஏற்கமாட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகிறவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வருவார்கள் என்பதால் முடிந்தவரை முன்கூட்டியே போய்விடுங்கள்.

விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். இந்த நாளுக்கு அப்படி அவசரமாக வாங்க வேண்டியதும் இல்லை. பழங்கால ரோமானியக் கோயிலான பாந்தியன், தோரியா பாம்ஃபிலி இரண்டுக்கும் குளிர்காலத்தில் சில நாள் முன்பு பதிவு செய்தாலே போதும். தேவாலயங்களுக்கு டிக்கெட்டே கிடையாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நாங்கள் அதில் விழுந்தோம். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். பெயர், படம், நிறம் எல்லாம் அதிகாரபூர்வமானது போலவே இருக்கும். 5 யூரோ டிக்கெட்டை மூன்று மடங்கு விலைக்கு விற்பார்கள். நாங்கள் அப்படி வாங்கியதில், தெருமுனையில் யாரோ ஒருவரைச் சந்தித்துத்தான் டிக்கெட்டை வாங்க வேண்டியிருந்தது. அவரைத் தேடியே அரை மணி நேரம் போனது. பாந்தியனுக்கு இத்தாலிய அரசு மியூசியங்களின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். கட்டணம் 5 யூரோவுக்கு மேல் காட்டினால் நீங்கள் வேறு தளத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பிள்ளைகளுடன் போகிறவர்கள் கவனிக்க: அரசு மியூசியங்களில் 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் அனுமதி இலவசம். வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 25 வயது வரைக்கான சலுகை ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கு, நமக்கு இல்லை.

பாஸ்போர்ட்டைக் கோட்டுப் பையில் வைக்காதீர்கள். மியூசியத்தில் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய், பாதி வழியில் அது நினைவுக்கு வந்து நான் பட்ட பதற்றம் போதும். சட்டைக்கு உள்ளே, உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும்.

3. கதவில் ஒட்டியிருக்கும் நேரத்தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதுதான் எங்களை ஏமாற்றியது. ரோமின் பெரும்பாலான தேவாலயங்கள் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடி, மூன்று அல்லது நான்கு மணிக்குத்தான் திறக்கும். இரண்டரைக்கே திறப்பவை கொஞ்சம்தான். இணையத்தில் பார்க்கும் நேரம் பல சமயம் பழையதாக இருக்கும். கதவில் ஒட்டிய தாளே சரியானது.

அந்தத் தாளில் நாலு சொல் தெரிந்தால் போதும். அபெர்த்தோ என்றால் திறந்திருக்கிறது. கியூஸோ என்றால் மூடியிருக்கிறது. ஃபெரியாலி என்று ஒரு சொல் இருக்கும். அதைப் பார்த்து நான் விடுமுறை நாள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது வேலை நாளைக் குறிப்பது. ஞாயிறும் பண்டிகை நாட்களும் ஃபெஸ்தீவி. இதை மாற்றிப் புரிந்துகொண்டால், திறந்திருக்கும் நேரத்தில் காப்பிக் கடையிலும் மூடிய நேரத்தில் வாசலிலும் நிற்பீர்கள்.

சரி, இதை வைத்து அந்த ஒரு நாளை எப்படி அமைப்பது? இரண்டே விதி. மதிய மூடல் நேரத்தில் மியூசியத்துக்குள் இருங்கள், ஏனென்றால் மியூசியங்கள் இடைவேளை விடுவதில்லை. அடுத்தது, பகல் வெளிச்சம் தேவைப்படும் இடங்களைக் காலையிலும், விளக்கு போட்டுப் பார்க்கும் இடங்களை மாலையிலும் வையுங்கள். டிசம்பரில் 4:40-க்கே சூரியன் மறையும். ஜனவரி கடைசியில்தான் அது 5:20 வரை நீளும்.

4. என்ன உடுத்துவது, பையில் என்ன

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதியைக் குளிரே பார்த்துக்கொள்ளும். ஆண்கள் உள்ளே நுழையும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும், அது மட்டும் நினைவிருக்கட்டும்.

பகலில் பத்து, பன்னிரண்டு டிகிரி இருக்கும். வெளியில் நடந்தால் குளிர் தெரியாது. உண்மையான குளிர் தேவாலயத்துக்குள்தான். பளிங்குத் தரையில் பத்து நிமிடம் நின்றாலே உள்ளங்காலில் ஏறும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்று, பெரிய கோட்டைவிட அதிகம் உதவும். மாறாக மியூசியத்துக்குள் வெதுவெதுப்பாக இருக்கும், அதனால் கழற்றி மாட்டக்கூடிய அடுக்குகளாக உடுத்துங்கள். காலணிக்கு ரப்பர் அடிப்பாகம் அவசியம். ரோமின் தெருக்களில் பதித்திருக்கும் சிறு கருங்கற்கள் மழையில் வழுக்கும்.

பையில் மடக்குக்குடை, காலித் தண்ணீர் பாட்டில் (தெருக்குழாய்களில் நல்ல குடிநீர் நாள் முழுக்க ஓடுகிறது), அப்புறம் சில்லறை. சில்லறை ஏன் என்று எட்டாவது படியில் சொல்கிறேன், மறக்காமல் 50 சென்ட், 1 யூரோ நாணயங்களாக ஐந்தாறு யூரோவுக்கு மாற்றி வையுங்கள். அறையைக் காலி செய்யும் நாளில் பெட்டியோடு கிளம்பாதீர்கள். தேவாலயங்களில் பெட்டி வைக்க இடமில்லை. தெர்மினி ரயில் நிலையத்தில் கட்டணம் கட்டி வைத்துவிட்டு வாருங்கள்.

பேருந்து, மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். அதற்குள் பேருந்து எத்தனை மாறினாலும் சரி, மெட்ரோ ஒருமுறைதான். ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். கார்டைத் தட்டியும் போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும்.

5. காலை 9 மணி: பாந்தியன்

திறந்தவுடன் போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் குழுக்கள் வரத் தொடங்கும். குவிமாடத்தின் உச்சியில் எட்டு மீட்டருக்கு மேல் அகலமான ஒரு திறப்பு, அதற்குக் கண்ணாடி கிடையாது. மழை பெய்தால் மழை உள்ளே விழும். அன்று எங்களுக்குத் தூறல் இருந்தது. நடுவில் கயிறு கட்டிவிட்டார்கள். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் துளிகள் தூள்போல மிதந்து இறங்கின, தரையில் உள்ள சிறு துளைகள் வழியாகத் தண்ணீர் வடிந்துபோனது. மழை நாளில் போனால் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம்.

வெயில் இருந்தால் தரையில் ஒளிவட்டத்தைத் தேடாதீர்கள். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக இருப்பதால் அது குவிமாடத்தின் உட்புறத்திலேயே, தலைக்கு மேல் விழும். ஓவியர் ரஃபேலின் கல்லறை இடப்பக்கம் இருக்கிறது. நாற்பது நிமிடம் போதும். வெளியே வந்து கட்டடத்தின் பின்பக்கமாகத் திரும்பினால், பெர்னினி வடிவமைத்த குட்டி யானை ஒன்று முதுகில் எகிப்தியத் தூணைச் சுமந்து நிற்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

6. காலை 10 மணி: சாந்த் இக்னாத்சியோ

ஐந்து நிமிட நடையில் இருக்கும் தேவாலயம், அனுமதி இலவசம். வாசல்வரை ஒரு வரிசை நின்றால் பயப்படாதீர்கள். அது பெரும்பாலும் உள்ளே வைத்திருக்கும் சாய்ந்த கண்ணாடி முன் படம் எடுப்பதற்கான வரிசை. அதில் சேர வேண்டியதில்லை, பக்கவாட்டில் நுழைந்துவிடலாம்.

நடுவழியில் தரையில் ஒரு மஞ்சள் பளிங்கு வட்டம் இருக்கும். அதன் மேல் நின்று அண்ணாந்து பாருங்கள். கூரை திறந்து வானம் தெரிவது போலவும், தூண்கள் இன்னும் மேலே எழும்புவது போலவும் இருக்கும். எல்லாம் ஆந்திரேயா பொத்ஸோ தீட்டியது. இன்னும் முன்னே போனால் ஒரு குவிமாடம் தெரியும். அதுவும் தட்டையான துணியில் வரைந்ததுதான். வட்டத்தை விட்டு நகர்ந்து பீடத்தை நெருங்க நெருங்க அது சரிந்து உடையும். இதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும், அதனால்தான் காலையில் வைத்தேன்.

7. காலை 11:15 முதல் 2 வரை: தோரியா பாம்ஃபிலி

கோர்சோ தெருவில் இருக்கும் தனியார் அரண்மனை. டிக்கெட் 20 யூரோவுக்குள். தேவாலயங்கள் மூடிக் கிடக்கும் நேரம் முழுவதும் இங்கே வெதுவெதுப்பாகக் கழியும். சுவர் தெரியாமல் மேலிருந்து கீழ்வரை படங்களை அடுக்கியிருக்கிறார்கள், பெயர்ப்பலகை குறைவு. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் அரை மணியில் கண் சலித்துவிடும். மூன்றை மட்டும் தேடிப் போங்கள் என்பேன்.

ஒன்று, வெலாஸ்கெஸ் 1650-இல் வரைந்த போப் பத்தாம் இன்னசென்ட். சிறு அறையில் தனியாக இருக்கும். சிவப்புத் துணிக்கு நடுவிலிருந்து அந்த முகம் நம்மை எடைபோடும். அதே அறையில் அதே மனிதருக்கு பெர்னினி செய்த பளிங்குச் சிலையும் இருப்பதால் இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்க்கலாம். மற்ற இரண்டும் கரவாஜியோவுடையவை. எகிப்துக்குத் தப்பிப் போகும் வழியில் களைத்துத் தூங்கும் மரியாள், அங்கே தேவதூதன் வயலின் வாசிக்க வயதான யோசேப்பு இசைத்தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மற்றது, தாழ்ந்த நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மகதலேனா.

கிளம்பும் முன் இங்கேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். தேவாலயங்களில் கிடையாது.

சாப்பாட்டுக்கு மேசை தேடி உட்காராதீர்கள், ஒன்றரை மணி நேரம் போய்விடும். துண்டாக வெட்டி எடைபோட்டுத் தரும் பீட்சாக் கடைகள் சுற்றிலும் உண்டு. சைவம் வேண்டுமென்றால் "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே" என்று கேளுங்கள், இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று பொருள். காப்பியை நின்றுகொண்டே குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடியும். அதே கடையில் மேசையில் உட்கார்ந்தால் விலை ஏறும்.

8. மதியம் 2:30: சான் லுயிஜி தெய் ஃபிரான்செஸி

மதியம் சீக்கிரம் திறக்கும் தேவாலயங்களில் இது ஒன்று. அதனால் முதலில் இங்கே. இடப்பக்கம் கடைசிச் சிற்றாலயத்துக்கு (தேவாலயத்துக்குள்ளேயே இருக்கும் சிறு வழிபாட்டு இடம்) போங்கள். இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றிக் கரவாஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. போனதும் ஒன்றும் தெரியாது. குளிர்கால மதியத்தில் அந்த மூலை இருட்டாகவே கிடக்கும். சிலர் எட்டிப் பார்த்துவிட்டு, படம் கறுத்துப்போய்விட்டது என்று நகர்ந்துவிடுவதைப் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை.

பக்கத்தில் ஒரு சிறு இரும்புப் பெட்டி இருக்கும், சில்லறை இதற்குத்தான். நாணயத்தைப் போட்டால் 'டக்' என்று ஒரு சத்தம், விளக்கு எரியும். இடச்சுவரில் ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் காசு எண்ணிக்கொண்டிருப்பார்கள். வலப்பக்கம் இயேசு, அவர்களில் ஒருவரான மத்தேயுவைக் கூப்பிட்டுக் கையை நீட்டி நிற்கிறார். மேசையின் இடக்கோடியில் இருக்கும் இளைஞன் மட்டும் தலையே நிமிர்த்தவில்லை, விரல் நுனியால் நாணயங்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறான். கூப்பிடுவது அவன் காதில் விழவில்லை. படத்துக்குள் ஒளி வலமிருந்து வருகிறது. பீடத்துக்கு மேலே இருக்கும் உண்மையான சன்னலும் அதே பக்கம்தான். அந்தச் சுவருக்கென்றே வரைந்தது என்பது அங்கே நின்றால்தான் புரியும். அதற்குள் இன்னொரு 'டக்', எல்லாம் இருட்டிவிடும்.

முதல் நாணயத்தில் மூன்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு நாணயத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இருந்தால் யாராவது போடுவார்கள் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். நீங்கள் முதலில் போடுங்கள், அடுத்ததை வேறொருவர் போடுவார். ஃபிளாஷ் கூடாது. திருப்பலி நடந்தால் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருங்கள், முடிந்ததும் பார்க்கலாம்.

9. மாலை 4 மணி: சாந்த் அகொஸ்தீனோ

இந்தத் தேவாலயம் மூன்று நிமிட நடைதான், ஆனால் நாலு மணிவாக்கில்தான் திறக்கும். நடுவில் கிடைக்கும் நேரத்துக்கு நவோனா சதுக்கம் பக்கத்திலேயே இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் முதல் சிற்றாலயம். இங்கேயும் கரவாஜியோவின் ஓவியம், இங்கேயும் நாணயப் பெட்டி. லொரேத்தோ மாதாவைத் தேடிப் பாதயாத்திரை வந்த ஓர் ஆணும் ஒரு கிழவியும் வாசற்படியில் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்த ஆணின் உள்ளங்கால்கள் நம்மைப் பார்த்தபடி, கிட்டத்தட்ட நம் முகத்துக்கு நேரே இருக்கும். குதிகாலில் மண் அப்பியிருக்கிறது. கதவோரம் நிற்கும் மாதாவும் வெறுங்காலோடுதான். பக்கத்துச் சுவரில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. என் மனைவி இதன் முன்னால் மூன்று நாணயம் போட்டார். அன்று பார்த்ததில் எனக்கும் இதுதான் முதல். நடுக்கூடத்தின் இடப்பக்கத் தூண் ஒன்றில் ரஃபேல் வரைந்த தீர்க்கதரிசி ஏசாயா இருக்கிறார், அதையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

10. மாலை 5:15: ஜெசூ தேவாலயம்

பதினைந்து நிமிட நடை. வெளியே இருட்டியிருக்கும். நேராக உள்ளே போய் இடப்பக்கத்தில் இருக்கும், இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் பீடத்துக்கு எதிரே ஒரு இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 5:30-க்கு ஒரு ஒளிக்காட்சி இசையோடும் இத்தாலிய வாசிப்போடும் தொடங்கும். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பீடத்தின் பகுதிகளைத் தொட்டுக்காட்டும். கடைசியில் பீடத்தின் நடுவே இருக்கும் பெரிய ஓவியம் அப்படியே மெல்லக் கீழே இறங்கும். அதன் பின்னாலிருந்து வெள்ளிபோல் மின்னும் இஞ்ஞாசியாரின் சிலை வெளிப்படும். கட்டணம் இல்லை. ஐந்தரைக்குப் பிறகு வந்தால் நிற்க இடம் கிடைக்கும், உட்காரக் கிடைக்காது.

முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். தெர்மினி போக 40, 64 எண் பேருந்துகள் அருகிலேயே கிடைக்கும். 64-இல் ஜேப்படி அதிகம், பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு: பாந்தியன் 5, கலைக்கூடம் 20-க்குள், நாணயங்கள் 5, பேருந்து 3, சாப்பாடும் காப்பியும் 15. ஆளுக்கு ஐம்பது யூரோவுக்குள் அடங்கும். தங்கும் விடுதியில் ஒரு இரவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள். அது அறை வாடகையில் சேராது, அதற்கும் கையில் கொஞ்சம் வைத்திருங்கள்.